அனைவருக்கும் உசிதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஐந்தரை மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் முப்பத்தேழு பேர் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, ஓட்டமும் நடையுமாக மைதானத்துக்குப் போனார்கள்.

2. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எட்டு மணிக்கு வரச் சொன்னார். அவர்கள் "அவசரம்" என்றார்கள். அவர் கழிப்பறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

3. எட்டு மணிக்கு "பெண்களுக்கு இருசக்கர வாகனப் பயிற்சி" என்று பேனர் கட்டினார்கள். பேனருக்குக் கீழே பத்து ஸ்கூட்டர்கள். பக்கத்தில் பெயர் பதிவுக்கு ஒரு மேஜை.

4. தள்ளுமுள்ளில் மேஜையின் கால் ஒன்று மடங்கியது.

5. எல்லோருக்கும் முன்னால் போய் நின்ற என் அம்மா, புடவை மடிப்பு கலையக் கூடாதென்று ஒதுங்கி நின்றதில், இருபத்தொன்பதாவது ஆளானாள்.

6. இவ்வளவுக்கும் காரணம் நோட்டீஸில் இருந்த இரண்டு சொற்கள். நோட்டீஸை எழுதியது நான்.

ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் டெஸ்ட் எஞ்சினியர். செய்து முடித்த சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, பழுது எந்த இடத்தில் நுழைந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதே பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது ஏர்பேடு தாண்டி ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் வேலை. உகாதி முடிந்த மறுநாளே சேர வேண்டும். கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு பைபாஸ் சந்திப்பில் நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் வீட்டிலிருந்து பைபாஸ் மூன்று கிலோமீட்டர். திருப்பதியில் அந்த நேரத்துக்கு ஓடும் ஆட்டோக்கள் எல்லாம் பக்தர்களை ஏற்றிக்கொண்டு அலிபிரி பக்கம் போகும். பேக்கிங் வேலைக்குப் போகிறவளை எதிர்த்திசையில் ஏற்றிச் செல்லும் ஆட்டோ இன்னும் பிறக்கவில்லை.

நான் ஷிஃப்டில் இருப்பவள். பாதி நாள் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்க மாட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா, "நான் கொண்டாந்து வுடறேன்மே, நீ இன்னாத்துக்குக் கவலப்படறே?" என்றார். நைனா காலை ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததை அம்மா கல்யாணத்தன்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அன்றும் எழுப்பித்தான் விட்டார்களாம்.

ஆக ஒரே வழி, சும்மா நின்றுகொண்டிருந்த என் ஸ்கூட்டி. அம்மா அதை ஓட்டக் கற்றுக்கொண்டால் வேலை; இல்லாவிட்டால் இல்லை. எல்எல்ஆர் கூட வாங்கி வைத்துவிட்டாள். நானே சொல்லித் தருகிறேன் என்று பதினான்கு அம்சங்களில் ஒரு பட்டியல் எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மூன்றாம் நாள், ஏழாவது அம்சத்தைப் படித்துக்கொண்டே போய் எதிர்வீட்டுத் தண்ணீர் டிரம்மில் மோதினாள். இறங்கி, புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நீ சொல்லிக் குடுக்கறியா, பரீட்ச வெக்கிறியா?"

அத்தோடு என் பயிற்சி முடிந்தது.

அந்த வாரம்தான் வசந்த விழா வந்தது. எங்கள் பக்கத்துக் காலனிகளின் கமிட்டிகள் எல்லாம் சேர்ந்து உகாதிக்கு முந்தைய பத்து நாளும் நடத்துவது. எல்லாம் இலவசம். இலவச சிரிப்பு யோகா உண்டு. ஆறு மணிக்கே எழுப்பப்பட்ட பெரியவர்கள் கையைத் தூக்கி "ஹா, ஹா" என்பார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. இலவச உடல் பரிசோதனை உண்டு. எடை பார்த்து, "எடை அதிகம்" என்று சொல்லி, அடுத்த பந்தலில் இலவச ஜிலேபி தருவார்கள். இலவச மரக்கன்று உண்டு. நாற்பது நிமிடப் பேச்சைக் கேட்டு முடிப்பதற்குள் கன்று வாடிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள், புகைப்படம் எடுக்கும் வரை. இந்த ஆண்டு புதிதாக, பெண்களுக்கு ஸ்கூட்டர் பயிற்சி.

கமிட்டியின் செக்ரட்டரி ஓய்வு பெற்ற தெலுங்கு வாத்தியார். எல்லோரும் மாஸ்டாரு என்போம். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, மன தமிழ வீதிவாள்ளு எவரூ ராவட்லேது" என்றார். எங்கள் தமிழ்த் தெருக்காரர்கள் ஒருவரும் வருவதில்லையாம். "நுவ்வு ஒக தமிழ் நோட்டீஸ் ராசி பெட்டு. பெத்த வேலேமீ காது. ரெண்டூ ஒகடே பாஷ, எழுத்துதான் வேற."

தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதிப் போடு, பெரிய வேலையில்லை, இரண்டும் ஒரே மொழி, எழுத்து மட்டும் வேறு என்று தெலுங்கு இலக்கணம் முப்பது ஆண்டுகள் கற்பித்தவரே சொன்னார். நான் நம்பினேன்.

நான் பள்ளியில் படித்தது தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. அவள் திருத்தணிப் பக்கம். பேச்சில் எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி தெலுங்கில் போய் இறங்கும். நடுவில் எந்த ஸ்டேஷனில் மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை. வண்டி நிற்காமல் போனால் சரி.

டீ இடைவேளையில், பத்து நிமிடத்தில், மாஸ்டாருவின் தெலுங்கு நோட்டீஸை வரி வரியாகத் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். தெலுங்கில் கடைசி இரண்டு வரி: "அந்தரிக்கீ உசிதம். முந்துகா பேரு நமோது அவசரம்." தெலுங்கில் உசிதம் என்றால் இலவசம். அவசரம் என்றால் தேவை. எல்லோருக்கும் இலவசம், முன்னதாகப் பெயர் பதிவு தேவை என்று பொருள். நான் வேற்றுமை உருபுகளை எல்லாம் ஒழுங்காக மாற்றினேன். 'நமோது' என்பதைக்கூட விடாமல் பிடித்து 'பதிவு' ஆக்கினேன். உசிதமும் அவசரமும் பார்க்கத் தமிழாகவே இருந்தன. ஆகவே கேள்வி கேட்காமல் உள்ளே விட்டேன்.

"அனைவருக்கும் உசிதம். முன்னதாகப் பெயர் பதிவு அவசரம்."

இரண்டு முறை சரிபார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

நோட்டீஸை தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். எங்கள் தெருவில் எதற்கும் பொருள் சொல்பவள் எதிர்வீட்டு அக்கா. பள்ளிப்பட்டிலிருந்து வந்த மருமகள். தண்ணீர் டிரம்மின் சொந்தக்காரி. அவள் குழுவில் அனுப்பிய குரல்பதிவை பிறகு கேட்டேன்.

"தோ பாருங்க, நல்லா படிச்சிப் பாத்துட்டுதான் சொல்றேன். உசிதம்னு போட்டுக்கீறாங்க. அப்டின்னா இன்னா? மரியாதையா வரணும்னு அர்த்தம். நைட்டி மேல துண்டப் போட்டுக்கினு ஒருத்தியும் வராதீங்க, நம்ம தெரு மானம் பூடும். அப்பறம் பதிவு அவசரமாம். லேட்டா போனா எடம் இல்ல. துன்னுட்டுப் போலாம்னு குந்தாதீங்க, வந்து துன்னுக்கலாம்."

முப்பத்தேழு பட்டுப்புடவைகள் இப்படித்தான் கிளம்பின. இவர்கள் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். மார்க்கெட்டில் தெலுங்கில் பேரம் பேசி, மிச்சமிருக்கும் கோபத்தையும் தெலுங்கிலேயே திட்டித் தீர்ப்பவர்கள். தெலுங்கு நோட்டீஸைப் படித்துக் காட்டியிருந்தால் ஒருத்தியும் தவறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டாள். தமிழில் எழுதியிருந்ததால் தமிழாகப் படித்தார்கள்.

நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வீட்டில் நைனா மட்டும் இருந்தார், உறக்கத்தில். மைதானத்துக்குப் போனேன். மாஸ்டாரு பட்டுப்புடவைக் கூட்டத்தின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏம்மா, பெள்ளிக்கி வச்சாரா?" கல்யாணத்துக்கா வந்தீர்கள் என்று கேட்கிறார்.

"நீங்கதான உசிதமா வான்னு எய்தினீங்கோ? இப்ப வந்தா கேக்கறீங்களே!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"அவுனு, உசிதமே! அந்தரிக்கீ உசிதமே!"

"அதான், உசிதமாத்தான் வந்துகீறோம்!"

இப்படி இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டாவது நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மீதி மூன்று நிமிடம் அம்மாவின் பின்னால் நின்றேன்.

"இன்னாடி முழிக்கறே?" என்றாள் அம்மா.

சொன்னேன். அம்மா இடுப்பில் சொருகியிருந்த டோக்கனை எடுத்து எண்ணைப் பார்த்தாள். இருபத்தொன்பது.

"நீ எய்தினதாச்சேன்னு ஒரு வாட்டிகூட யோசிக்காம வந்தேன்" என்றாள்.

சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்கு வந்தார். பதிவு வரிசைப்படி முதல் பத்துப் பேரை பத்து ஸ்கூட்டரில் ஏற்றி உட்கார வைத்தார்கள். எல்லா வண்டியும் சென்டர் ஸ்டாண்டில். பெட்ரோல் கிடையாது, எங்கிருந்தோ தள்ளிக்கொண்டே வந்தவை. விருந்தினர் பச்சைக் கொடியை அசைத்தார். பத்து வண்டியும் நின்ற இடத்திலேயே நின்றன. பலத்த கைதட்டல். புகைப்படம். பத்துப் பேரும் இறங்கினார்கள். அன்றைய பயிற்சி முடிந்தது.

மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் படம் வந்தது. வரிசையாகப் பத்துப் பட்டுப்புடவைகள், பின்னால் மலை. எனக்கே பார்க்க அழகாக இருந்தது. கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. இனி தினமும் பட்டுப்புடவைதான், கட்டாயம் என்று மாஸ்டாரு அறிவித்தார். என் தொழிலில் பழுது என்றால் திருத்துவோம். வசந்த விழாவில் அதை விதியாக்கினார்கள்.

இரண்டாம் நாள் வேறொரு விருந்தினர், அதே கொடி. மூன்றாம் நாள் அம்மாவின் முறை வந்தது. ஸ்டாண்டில் நின்ற வண்டியில் நான்கு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நைனா தட்டில் இட்லியோடு காத்திருந்தார்.

"இன்னாமே, கத்துக்கினியா?"

"கத்துக்கினேன். கொடி ஆட்டுனா சிரிக்கணும்."

"நான்தான் வுடறேன்றனே, கேட்டாதான?"

"நீ நாளிக்கிக் காலைல அஞ்சு மணிக்கு எய்ந்துக்கோ. நான் வண்டியே தொட மாட்டேன்."

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா எழுந்து பார்த்தாள். நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா பீரோவிலிருந்து அடுத்த பட்டை எடுத்தாள். அவளிடம் இருந்தவை மொத்தம் நான்கு. உகாதிக்கு இன்னும் ஏழு நாள்.

அன்றுதான் திருத்தம் எழுதினேன். இம்முறை அகராதியைப் பார்த்து எழுதினேன். "அனைவருக்கும் இலவசம். முன்னதாகப் பெயர் பதிவு செய்வது அவசியம். பட்டுப்புடவை கட்டாயம் அல்ல."

அதைக் குழுவில் போட்டேன். பிறகு எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாமா இது, இலவசமா?"

"ஆமாக்கா. முதல்ல இருந்தே இலவசம்தான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இன்னா குடுப்பாங்க?"

"கத்துக் குடுப்பாங்க."

"அது தெரியும். கைல இன்னா குடுப்பாங்க? டப்பா, கிப்பா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் முகம் மாறியது. "உசிதம்னு போட்டதால ஒரு மரியாதைக்கிப் போனோம். சும்மா குடுக்கறதுக்கா நாங்க பட்டு கட்டிக்கினு காலங்காத்தால ஓடனோம்? அதும் ஒண்ணும் குடுக்காத சும்மாவுக்கு!"

மறுநாள் மைதானத்தில் ஆறு பேர். உசிதம் என்று அழைத்தபோது முப்பத்தேழு, இலவசம் என்றபோது ஆறு. பத்து வண்டிகளுக்கு ஆறு பேர் என்பது நல்ல விகிதம்தான். ஆனால் பட்டுப்புடவை இல்லாததால் விருந்தினரும் வரவில்லை, விருந்தினர் இல்லாததால் கொடி இல்லை, கொடி இல்லாததால் மாஸ்டாரு வண்டிகளுக்கு உறை போட்டு மூடிவிட்டார். அம்மா உறை போட்ட ஸ்கூட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். வேலையில் சேரும் கடிதத்தை எடுத்துப் படித்து, மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கண்ணில் படாத இடத்தில் வைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் மாஸ்டாரு வந்தார். நிறைவு நாளன்று சித்தூரிலிருந்து பெரிய விருந்தினர் வருகிறாராம். செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாராம். பட்டுப்புடவைகள் இல்லாமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"அம்மாயீ, ஆ பாத நோட்டீஸே மள்ளி பெட்டம்மா" என்றார். அந்தப் பழைய நோட்டீஸையே திரும்பப் போடு.

"அது தப்பு மாஸ்டாரு."

"தப்பயினா சரே. பாகுந்தி கதா?" தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கிறதல்லவா?

நான் ஒரு தாள் எடுத்து நான்கு வரி எழுதினேன். ஒன்று, மூன்று வண்டிகளுக்கு பெட்ரோல். இரண்டு, அந்த மூன்றும் ஸ்டாண்டிலிருந்து இறங்க வேண்டும். மூன்று, தினமும் காலை ஆறு முதல் எட்டு வரை, உண்மையிலேயே ஓட்டத் தெரிந்த ஒரு பெண் கூட இருக்க வேண்டும். நான்கு, இந்த ஆறு பேருக்கும் பட்டு கிடையாது. இதற்கு ஒப்புக்கொண்டால், நிறைவு நாளுக்கு மட்டும் உசிதம் திரும்ப வரும்.

மாஸ்டாரு ஒன்று, மூன்று, நான்கை உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. "ஸ்டாண்டு தீஸ்தே வண்டி போதுந்தி கதம்மா" என்றார். ஸ்டாண்டை எடுத்தால் வண்டி போய்விடுமே என்பது அவர் கவலை.

போகத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஐந்து காலைகளில் அம்மா என் பழைய சுடிதாரில், துப்பட்டாவைப் பின் குத்தி, மைதானத்தைச் சுற்றினாள். கற்றுக்கொடுத்த பெண் மாஸ்டாருவின் மருமகள். பட்டியல் எதுவும் எழுதவில்லை, பின்னால் உட்கார்ந்து "போ, போ" என்று மட்டும் சொன்னாள். இதில் எனக்குக் கற்றுக்கொள்ள ஏதோ இருந்திருக்கலாம். இரண்டாம் நாள் அம்மா கீழே விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. நைனாவிடம் சொல்லாதே என்றாள். நான்காம் நாள் தனியாக ஓட்டினாள். இடப்பக்கம் திரும்ப வந்தது. வலப்பக்கம் வரவில்லை. நிறுத்துவது பாதி வந்தது.

நிறைவு நாளன்று உசிதம் வேலை செய்தது. ஐம்பத்திரண்டு பட்டுப்புடவைகள். எதிர்வீட்டு அக்கா முதல் வண்டியில், கூலிங் கிளாஸோடு. சித்தூர்க்காரர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, பெண்கள் முன்னேற்றம் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த நேரம் முழுக்க, மேடைக்கும் வரிசைக்கும் பின்னால், அம்மா என் ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் விட்டு அடுத்த நாள் வேலையில் சேர வேண்டும், அவளுக்கு நேரமில்லை.

அன்று ஞாயிறு இல்லை என்றாலும் நைனா வந்திருந்தார். விளிம்பில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, அம்மா போகும் பாதையிலேயே நின்றார்.

"இன்னாமே! நிறுத்தத் தெரிமா?"

"தெரியாது! நவுரு!"

நைனா நகர்ந்தார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது பச்சைக் கொடி அசைந்தது. பத்து ஸ்கூட்டர்களும் ஸ்டாண்டில் அசையாமல் நின்றன. கொடிக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் அம்மாவைப் பார்த்து, "ஏய் அம்மா, பக்கக்கி போ, ஃப்ரேமு பாடவுதுந்தி!" என்று கத்தினார். ஃப்ரேம் கெடுகிறதாம். அம்மாவால் பக்கமாகப் போக முடியவில்லை, ஏனென்றால் அவர் காட்டியது வலப்பக்கம். மறுநாள் படத்தில் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். மூலையில் ஒரு மங்கலான கோடு மட்டும் இருந்தது. செய்தியில் நூற்றுக்கணக்கான பெண்கள் பயிற்சி பெற்றதாகப் போட்டிருந்தார்கள்.

இப்போதைய நிலை இது. மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் உசிதம் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று மாஸ்டாரு சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. கூலிங் கிளாஸ் படம் அவள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நைனா ஏழு மணிக்கு எழுந்துகொள்கிறார். அம்மா வேலையில் சேர்ந்துவிட்டாள். காலை ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டியை எடுக்கிறாள். வலப்பக்கம் திரும்ப இன்னும் வரவில்லை. ஆகவே இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி மூன்று கிலோமீட்டரை ஐந்து கிலோமீட்டராக ஓட்டி, பைபாஸ் போய்ச் சேருகிறாள். இதுவரை ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.